உடைந்த கல்லும் உயிருள்ள உடம்பும்

பாரிஸ் நகரத்து லூவ்ர் மியூசியத்தில் ஒரு பொம்பளை நிற்கிறாள். ரெண்டு கையும் இல்லை. இடது பாதம் இல்லை. உடம்பில் அங்கங்கே சில்லு பேர்ந்து கிடக்கு. இடுப்புத் துணி நழுவி நிற்கிறது. அவளைப் பார்க்க உலகமே வரிசையில் வருகிறது. பெண்ணழகின் இலக்கணம் என்கிறார்கள், மார்பளவு பொம்மையாக்கி விற்கிறார்கள், சோப்பு டப்பாவிலும் அவள் படத்தைப் போடுகிறார்கள். பேர் வீனஸ் டி மிலோ.

இப்ப, இதே மாதிரி ரெண்டு கையும் இல்லாத ஒரு பொம்பளை உயிரோட நம்ம ஊர் டவுன் பஸ்ஸில் ஏறட்டும். என்ன நடக்கும்? பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார். ஒரு கிழவி 'போன ஜென்மத்துல என்ன செஞ்சுதோ' என்று உச்சுக்கொட்டும். மாசமா இருக்கிறவளை அந்தப் பக்கம் பார்க்காதே என்று சொல்வார்கள். படித்தவர்கள் பார்க்காத மாதிரியே பார்ப்பார்கள். அழகு என்று ஒருத்தர் வாயும் சொல்லாது.

கல்லுக்கு ஒரு நியாயம், உடம்புக்கு ஒரு நியாயம். இந்த இரண்டு நியாயத்துக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, புகைப்படத்தை வைத்துக் கலகம் பண்ணின சில பெண்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அவர்கள் ஐரோப்பியர்கள். அவங்க சங்கதி நமக்கெதுக்கு என்று தோழர்கள் கேட்கலாம். போஸ்டர் ஒட்டுகிற, கூட்டத்தில் கண்காட்சி வைக்கிற, உண்மையறியும் குழுவோடு போய்ப் படம் எடுக்கிற நமக்கு அதில் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் இந்தக் கல்லின் பூர்வோத்திரத்தைக் கொஞ்சம் கிண்டிப் பார்ப்போம். 1820 ஏப்ரலில் ஏஜியன் கடலில் இருக்கிற மிலோஸ் தீவில் ஒரு விவசாயி தோண்டும்போது அகப்பட்டது இது. அப்போது அந்தத் தீவு துருக்கி சுல்தானின் ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சுத் தூதர் விலை பேசி வாங்கினார். 1821இல் பதினெட்டாம் லூயி மன்னருக்குக் காணிக்கையாய்ப் போய் லூவ்ரில் சேர்ந்தது. அதற்கு ஆறு வருஷம் முன்னால், நெப்போலியன் தோற்ற கையோடு, இத்தாலியிலிருந்து தூக்கி வந்திருந்த மெதிச்சி வீனஸைப் பிரான்ஸ் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. இருந்த வீனஸ் போச்சு, வேற வீனஸ் வேணும். அந்த நேரத்தில்தான் இவள் வந்தாள். கை இல்லாமல் வந்தாள்.

சிலையோடு கிடைத்த பீடத்துண்டு ஒன்றில் அந்தியோக்கியா பக்கத்துச் சிற்பி ஒருவரின் பெயர் வெட்டியிருந்தது. அப்படியென்றால் இது கிரேக்கத்தின் 'பொற்காலம்' முடிந்த பிறகு, கி.மு. 2ஆம் நூற்றாண்டு வாக்கில் செய்யப்பட்ட சிலை. லூவ்ருக்குத் தேவைப்பட்டதோ பொற்காலத்துச் சரக்கு. அந்தப் பீடத்துண்டு எப்படியோ காணாமல் போயிற்று, வரைந்து வைத்த படம் மட்டும் மிஞ்சியது. கை போனது அழகு ஆயிற்று, சிற்பியின் பெயர் போனது வசதி ஆயிற்று.

உடைந்த சிலையை உடைந்தபடியே ரசிப்பது எக்காலத்துக்கும் உரிய ரசனை என்று நினைத்துவிடக் கூடாது. அதுக்கு முன்னால் ஐரோப்பியப் பிரபுக்கள் உடைந்த சிலை கிடைத்தால் கையும் காலும் மூக்கும் ஒட்டவைத்துத்தான் வீட்டில் நிறுத்துவார்கள். 1811இல் ஏஜினா தீவில் கிடைத்த சிலைகளுக்குத் தோர்வால்ட்சன் என்ற டென்மார்க் சிற்பி புதுசாய்த் தலையும் கையும் செய்து பொருத்தினார். 1960களில் மியூனிக் மியூசியம் அந்த ஒட்டுகளையெல்லாம் கழற்றி எடுத்தது. எல்ஜின் பிரபு பார்த்தினன் கோயிலிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்த சிலைகளைச் சீர்செய்யச் சொல்லிக் கேட்டபோது, இத்தாலியச் சிற்பி கனோவா 1803இல் மறுத்துவிட்டார், அதில் கை வைப்பது பாவம் என்றார். இப்படித்தான், சில பேருடைய தீர்மானத்தால், உடைசல் அழகு ஆனது. ரசனை வானத்திலிருந்து குதிப்பதில்லை.

நம்ம பக்கத்துக் கணக்கு வேற. பின்னமான சிலை பூசைக்கு ஆகாது என்பது ஆகமக்காரர்களின் விதி. மூக்கு உடைஞ்சா சாமி போச்சு, ஆத்துலயோ குளத்துலயோ போட்டுரு. அதே கல்லைத் தொல்லியல் துறைக்காரர் தூக்கிவந்து எழும்பூர் மியூசியத்தில் விளக்குப் போட்டு நிறுத்தினால் கலை. கல் ஒன்றுதான். எங்கே நிற்கிறது, யார் வெளிச்சம் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது சாமி, குப்பை, கலை என்று மாறிக்கொண்டே இருக்கிறது.

சரி, கை இல்லாத கல்லைப் பார்த்து ஏன் யாரும் முகம் சுளிப்பதில்லை? அமெரிக்க ஆய்வாளர் லெனார்ட் டேவிஸ் 1995இல் வெளிவந்த தன் நூலில் இதைத் தொட்டுப் பேசியிருக்கிறார். வீனஸைப் பார்க்கிறவர்கள் கை இல்லாததைப் பார்ப்பதே இல்லை, தங்கள் மனசிலிருந்து ஒரு கையை எடுத்துப் பொருத்திக்கொண்டுதான் பார்க்கிறார்கள் என்பது அவர் வாதம். உண்மைதான். இருநூறு வருஷமாக அறிஞர்கள் அவள் கையில் எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆப்பிள் வைத்திருந்தாள், கேடயத்தைக் கண்ணாடியாய்ப் பிடித்திருந்தாள், தூணில் சாய்ந்திருந்தாள். 2015இல்கூட, அவள் நூல் நூற்றிருப்பாள் என்ற ஊகத்தை வைத்து முப்பரிமாண அச்சில் கையோடு ஒரு வீனஸைச் செய்துகாட்டினார் ஓர் அமெரிக்கக் கலைஞர். ஆக, கல் ஊனமாக இருக்கவே இல்லை. பார்க்கிறவன் கண்ணில் அது முழு உடம்பு. அது திரும்பிப் பார்க்காது, பதில் பேசாது, பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காராது. அதனால்தான் அதன்மேல் அவ்வளவு பிரியம்.

இங்கே கேமராவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கேமராவுக்கும் சிலைக்கும் உறவு, கேமரா பிறந்த நாளிலிருந்தே உண்டு. இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்பட் 1844இல் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கிய 'இயற்கையின் பென்சில்', அச்சுக்கு வந்த முதல் புகைப்பட நூல்களில் ஒன்று. அதில் பாத்ரொக்லஸ் என்ற கிரேக்க வீரனின் மார்பளவுச் சிலையை ரெண்டு தடவை படம் பிடித்துப் போட்டிருக்கிறார். காரணம் சாதாரணமானது. அன்றைய ரசாயனத்துக்கு ரொம்ப நேரம் வெளிச்சம் வேணும். மனுஷன் அசைவான், சிலை அசையாது. வெள்ளையாய் இருப்பதால் வெளிச்சத்தையும் நல்லா வாங்கும். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பி வைத்துக்கொள்ளலாம், ஏன் திருப்புகிறாய் என்று கேட்காது.

அசையாத உடம்பு, கேள்வி கேட்காத உடம்பு கேமராவுக்கு வேற எங்கே கிடைக்கும்? ஆஸ்பத்திரியில் கிடைக்கும். லூவ்ர் இருக்கிற அதே பாரிசில், சீன் ஆற்றின் மறுகரையில் இருக்கிற சல்பேத்ரியேர் ஆஸ்பத்திரி, ஷார்கோ என்ற பெரிய டாக்டரின் தலைமையில், 1876 முதல் நோயாளிகளின் புகைப்படத் தொகுதிகளை வெளியிட்டது. பிறகு உலகமெல்லாம் மருத்துவப் புத்தகங்களில் இந்தப் படங்கள் பெருகின. உத்தியைப் பாருங்கள். வெறும் சுவர், நடுவில் துணியில்லாத ஓர் உடம்பு, குறை தெரியும்படி வெளிச்சம். மியூசியத்துப் படத்திலும் ஏறக்குறைய இதே உத்திதான். மியூசியத்துப் படத்துக்குக் கீழே கலைஞனின் பெயர், ஆஸ்பத்திரிப் படத்துக்குக் கீழே நோயின் பெயர். நிற்கிற ஆளின் பெயர் ரெண்டிலும் கிடையாது.

தெருவில் என்ன நிலைமை? அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரம் 1867இல் ஒரு சட்டம் போட்டது. நோயால் சிதைந்த, உறுப்பு இழந்த, பார்க்க அருவருப்பான உடம்புகொண்டவர்கள் பொது இடத்தில் கண்ணில் படும்படி நிற்கக் கூடாது. பிச்சையெடுக்கிற ஏழைகளைக் குறிவைத்த சட்டம். சிகாகோ நகரம் 1881இல் அதே மாதிரி ஒன்று போட்டது. அதற்கு ரெண்டு வருஷம் முன்னால், 1879இல்தான், அதே சிகாகோவில் பெரிய கலைக்கூடம் ஒன்றை நிறுவியிருந்தார்கள். உடைந்த சிலைக்கு உள்ளே பீடம், உடைந்த உடம்புக்கு வெளியே போலீஸ். சிகாகோவில் அந்தச் சட்டம் 1974 வரைக்கும் புத்தகத்தில் இருந்தது.

பார்த்தாலே தீட்டு என்று புதிரை வண்ணாரைப் பகலில் நடமாடவிடாத சமூகத்தில் பிறந்த நமக்கு இந்தச் சட்டம் புதுசாகத் தெரியாது. ரெண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஊனம் எந்தச் சாதி வீட்டிலும் பிறக்கும், தீட்டு அப்படியில்லை. மேல்சாதி வீட்டில் ஊனமாய்ப் பிறந்தவன் சேரிக்காரனைத் தள்ளி நில் என்று சொல்வான். இருந்தாலும் 'என் கண்ணில் படாதே' என்று உத்தரவு போடுகிற வாயை நமக்கு அடையாளம் தெரியும்.

நம்ம அரசாங்கத்தின் கேமராவை எனக்குக் கிட்டத்திலிருந்தே தெரியும். காலேஜ் லீவில் எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் லைட் பிடிக்கிற வேலை பார்த்தேன். அப்போதெல்லாம் மத்திய அரசு வேலை விண்ணப்பத்தோடு சேர்க்கிற ஊனச் சான்றிதழ்ப் படிவத்தில், ஊனம் தெரியும்படியான படம் ஒட்ட வேண்டும் என்று அச்சடித்திருக்கும். ஒருநாள் ஓர் அக்கா வந்தார். வலது கை முழங்கைக்கு மேலேயே நின்றுபோயிருந்தது. சேலைத் தலைப்பால் நன்றாக மூடியிருந்தார். முதலாளி படிவத்தைப் படித்துவிட்டு, தலைப்பை எடுத்துக் கையைக் காட்டச் சொன்னார். அந்த அக்கா எடுத்தார். பிறகு லைட் பிடிச்சிட்டிருந்த என்னைப் பார்த்து மெதுவாய்க் கேட்டார்: "தம்பி, மூஞ்சியும் வருமா?"

தன் படத்தில் தன் முகம் வருமா என்று கேட்க வேண்டியிருந்தது அவருக்கு. நல்ல பவுடர் போட்டு, பூ வைத்துத்தான் வந்திருந்தார். படிவத்துக்கு வேண்டியது அந்தக் கை மட்டும். பின்னால் வந்த படிவங்களில் முகம் மட்டும் தெரிந்தால் போதும் என்று மாற்றினார்கள். நல்லது. 2010இல் தமிழக அரசு 'மாற்றுத்திறனாளி' என்று பெயரையும் மாற்றியது. அதுவும் நல்லதுதான். ஆனால் படிவத்தை மாற்றுகிற மாதிரி பார்வையை ஒரு அரசாணையில் மாற்ற முடியாது.

பார்வையை மாற்றுகிற வேலையில் இறங்கினவர் மேரி டஃபி. அயர்லாந்துக்காரர். பிறவியிலேயே ரெண்டு கையும் இல்லாதவர். கட்டியிருக்கிற தளைகளை அறுப்பது என்ற பொருள்பட ஆங்கிலத்தில் தலைப்பிட்டு, 1987இல் ஒரு புகைப்பட வரிசை செய்தார். முதல் படத்தில் ஓர் உருவம் நிற்கிறது, முழுக்க வெள்ளைத் துணி போர்த்தியிருக்கிறது. மடிப்பு மடிப்பாய், பளிங்கில் செதுக்கின மாதிரி துணி. பார்த்த உடனே திறப்பு விழாவுக்கு மூடி வைத்த சிலை ஞாபகம் வரும். அடுத்தடுத்த படங்களில் துணி கொஞ்சம் கொஞ்சமாய் விலகுகிறது. உள்ளே இருப்பது கல் இல்லை, ஒரு பெண். கை இல்லாத, நிர்வாணமான, உயிருள்ள உடம்பு.

இந்த வரிசையில் சூட்சுமம் அந்தத் துணியில் இருக்கிறது. முதல் படத்தில் 'ஓ, வீனஸ்' என்று மனசு ரசிக்கத் தயாராகிவிடுகிறது. மியூசியத்தில் நிற்கிற மரியாதையோடு நிற்கிறோம். துணி விலக விலக, அந்த மரியாதையைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியாமல் மாட்டிக்கொள்கிறோம். கல்லுக்குக் கொடுத்ததை இவளுக்குக் கொடுக்க மாட்டேன் என்றால் ஏன் என்று நாமே நமக்குச் சொல்லியாக வேண்டும். வீனஸுக்குக் கற்பனையில் ஒட்டினது போல இவளுக்கு ஒரு கையை ஒட்டவும் முடியாது. இவளுக்குக் கை உடையவில்லை. இருந்து போனதில்லை, இதுதான் இவள் முழு உடம்பு. பெண் நிர்வாணம் பற்றி 1992இல் நூல் எழுதிய லிண்டா நீட் என்ற கலை வரலாற்றாளர் இந்தப் படங்களைத் தனியாய் எடுத்துப் பேசினது சும்மா இல்லை.

1990இல் டஃபி இன்னொரு படி போனார். 'ஓர் உடம்பின் கதைகள்' என்ற நிகழ்வு. அரங்கு இருட்டு. வெளிச்சம் வருகிறது. வீனஸின் நிலையில் நிர்வாணமாக நிற்கிறார். அப்புறம் பேசுகிறார். சின்ன வயசில் டாக்டர்கள் தன்னை எப்படிப் பார்த்தார்கள், தன் உடம்புக்கு என்னென்ன பேர் வைத்தார்கள், அந்தப் பேர்களுக்கு நடுவில் தன்னை முழுசானவளாகத் தான் எப்படிக் கண்டுகொண்டாள் என்று சொல்கிறார். மியூசியத்துக் கேமராவும் ஆஸ்பத்திரிக் கேமராவும் ரொம்ப நாளாய்ப் பேசவிடாமல் வைத்திருந்த வாய் அது. 1995இல் வந்த ஓர் ஆவணப்படத்திலும் இந்த நிகழ்வு பதிவாகியிருக்கிறது.

அம்மணமாய் நின்றால்தான் விடுதலையா என்று சில தோழர்கள் கேட்பார்கள். பெண் தோழர்களும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஐரோப்பியக் கலையில் பெண் நிர்வாணம் என்பதே ஆண்கள் பார்க்க ஆண்கள் செய்துகொண்டதுதான். ஆனால் ஒன்று கவனிக்கணும். இந்த உடம்பை ஏற்கெனவே பலமுறை அவிழ்த்திருக்கிறார்கள். டாக்டர் அவிழ்க்கச் சொன்னார், பத்து மாணவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள் என்பது ஊனமுற்ற எத்தனையோ பேரின் அனுபவம். இங்கே துணி எப்போ விலகணும், எவ்வளவு விலகணும் என்பது அவள் தீர்மானம். நிர்வாணத்தை நாம் காப்பியடிக்க வேண்டியதில்லை. அந்தத் தீர்மானத்தைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இதையே இங்கிலாந்தின் அலிசன் லாப்பரிடமும் பார்க்கலாம். 1965இல் பிறந்தவர். கைகள் இல்லை, கால்கள் குட்டை. கைக்குழந்தையாய் இருக்கும்போதே ஊனமுற்ற பிள்ளைகளுக்கான விடுதியில் விடப்பட்டு வளர்ந்தவர். வாயால் தூரிகை பிடித்து ஓவியம் வரைகிறவர். பிரைட்டனில் கலை படிக்கும்போது தன் உடம்பையே எடுத்துப் பேச ஆரம்பித்தார், அதில் வீனஸ் டி மிலோவுக்குப் பெரிய பங்கு உண்டு. வெளிச்சத்தையும் நிழலையும் வைத்துத் தன் உடம்பைச் சிலைபோலப் படமாக்கினார். வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் குறை என்று பார்த்ததை, சிற்பத்தின் வளைவும் திரட்சியும் போலப் பார்க்க வைத்தார்.

ஆனால் உலகத்துக்கு லாப்பரைத் தெரிந்தது இந்தப் படங்களால் இல்லை, மார்க் குவின் என்ற பிரபலச் சிற்பியால். பிரிட்டிஷ் மியூசியத்தில் உடைந்த சிலைகளை ஜனங்கள் ரசிப்பதைப் பார்த்து, அதே வடிவில் உயிருள்ள மனுஷர் வந்தால் இவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்ததிலிருந்து பிறந்தது குவினின் வேலை. எட்டு மாதக் கர்ப்பிணியாக லாப்பர் உட்கார்ந்திருக்கும் 3.55 மீட்டர் உயரப் பளிங்குச் சிலை, 2005 செப்டம்பரிலிருந்து 2007 வரை லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தின் நான்காவது பீடத்தில் இருந்தது. அசிங்கம் என்றார்கள், அற்புதம் என்றார்கள். அந்தச் சதுக்கத்தின் நடுவில் தூண்மேல் நிற்கிற நெல்சனுக்கும் வலது கை கிடையாது, 1797 சண்டையில் போய்விட்டது. வெறும் சட்டைக்கையோடுதான் அவர் சிலையும் நிற்கிறது. நெல்சனை யாரும் ஊனம் என்று சொல்வதில்லை. போர் எடுத்த கை தியாகம், பிறவியில் இல்லாத கை மட்டும் அவலம்.

குவினின் சிலையை நான் குறைத்துப் பேசவில்லை. அதன் தலைப்பிலேயே லாப்பரின் பெயர் இருக்கிறது, பெயரில்லாத நோயாளியாய் அவரை நிறுத்தவில்லை. ஆனாலும் படைத்தவர் என்ற பேரும் புகழும் குவினுக்குப் போயிற்று. லாப்பர் அந்தச் சிலைக்கு முன்னாலேயே இதே கேள்வியைத் தன் படங்களில் கேட்ட கலைஞர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பெரும்பாலானோருக்கு அவர் ஒரு மாடல். கேமராவும் உளியும் யார் கையில் என்பது இங்கேதான் முக்கியமாகிறது.

இன்னும் ரெண்டு உதாரணம். ஜோயல் பீட்டர் விட்கின் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர், கை கால் இல்லாதவர்களைத் தேடித்தேடி அழைத்து வந்து பழைய ஓவியம், சிலைகளின் தோரணையில் நிறுத்திப் படம் எடுத்தவர். தொழில் நேர்த்தியில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் படங்களில் எனக்குக் கேட்பது விட்கினின் குரல்தான், நிற்கிறவரின் குரல் இல்லை. அடுத்தது இன்னும் மோசம். 'தாலிடோமைட்' மருந்தை 1957இல் சந்தைக்கு விட்டது ஜெர்மனியின் குருனெந்தால் கம்பெனி. கர்ப்பிணிகள் சாப்பிட்டதால் உலகமெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைந்து பிறந்தன என்பது பொதுவான மதிப்பீடு. 1961இல் மருந்தை விலக்கிக்கொண்டார்கள். வாய் திறந்து மன்னிப்புக் கேட்க 2012 வரைக்கும் ஆயிற்று. அதையும் எப்படிக் கேட்டார்கள்? ஸ்டோல்பர்க் நகரத்தில் கை இல்லாத ஒரு குழந்தையின் வெண்கலச் சிலையைத் திறந்துவைத்துக் கேட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களின் அமைப்புகள் இதெல்லாம் போதாது என்று சொல்லிவிட்டன. சும்மாவா? கை எடுத்தவனே கை இல்லாத பொம்மை செய்து வைத்தால் அதுக்கு என்ன பேரு?

இன்னொரு பக்கத்து வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018இல் ஒரு தொண்டு நிறுவனம் பாரிஸ் மெட்ரோ நிலையத்தில் இருந்த வீனஸ் நகல் சிலைக்குச் செயற்கைக் கை மாட்டிவைத்துப் பிரச்சாரம் செய்தது. உலகத்தில் செயற்கை உறுப்பு தேவைப்படுகிற ஏழைகளில் பெரும்பகுதிக்கு அது கிடைப்பதில்லை என்று சொல்வதற்காக. அந்தக் கோரிக்கை நியாயம். கண்ணிவெடியில் கால் போனவனுக்கு அழகியல் பேசிப் பயனில்லை, கால் வேணும். ஆனால் கோரிக்கைக்குப் போட்ட படம், கை ஒட்டினால்தான் வீனஸும் முழுசு என்று சொல்லிவிடுகிறது. டஃபி எனக்கு ஒட்டு வேண்டாம் என்கிறார். உரிமை கேட்கிறபோதுகூட நம்மைக் குறைப்பட்டவர்களாய்க் காட்டித்தான் கேட்கணுமா என்பது சின்னக் கேள்வி இல்லை.

டஃபியிடமும் லாப்பரிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. அழகு என்று நிரூபிக்க எதற்கு வீனஸிடம் போக வேண்டும்? அவள் வெள்ளைப் பளிங்கு. அவளுக்கும்கூட ஒரு காலத்தில் வண்ணம் பூசி நகை மாட்டியிருந்தார்கள், நகை மாட்டின துளைகள் இன்னும் கல்லில் இருக்கின்றன. வண்ணம் போன வெள்ளையைத்தான் ஐரோப்பா அழகின் அளவுகோலாக்கி, கறுத்த உடம்புகளை அதை வைத்து அளந்தது. அந்த அளவுகோலிலேயே போய் நானும் அழகுதான் என்று சான்றிதழ் வாங்கினால் கோல் உடையாது, இன்னும் பலப்படும். இதுக்கு என் பதில் இதுதான். வீனஸை ஒரு பொறியாகப் பயன்படுத்துகிறவரைக்கும் சரி. எதிராளி எதைக் கும்பிடுகிறானோ அதை வைத்தே அவனை மடக்குவது பழைய தந்திரம், நல்ல தந்திரம். மடக்கின பிறகு நாமும் அங்கேயே கும்பிட்டுக்கொண்டு நின்றுவிடக் கூடாது. டஃபி பேச ஆரம்பித்ததும் வீனஸ் காணாமல் போகிறாள், டஃபி மட்டும் நிற்கிறார். அதுவரை போனதால்தான் அந்த வேலை எனக்குப் பெரிசாகப் படுகிறது.

இப்போது நம்ம விஷயம். நாமும் படம் எடுக்கிறோம். வெட்டுப்பட்ட கை, எரிந்த குடிசை, பிணத்தின்மேல் விழுந்து அழுகிற அம்மா. அதை எடுக்கத்தான் வேண்டும். எடுக்காவிட்டால் நடக்கவே இல்லை என்று ஆர்.டி.ஓ. அறிக்கை எழுதிவிடுவார். கோர்ட்டுக்குச் சாட்சி வேணும். ஆனால் சாட்சிக்காக எடுத்த அதே படத்தைப் போஸ்டரில் போடுகிறோம், கண்காட்சியில் மாட்டுகிறோம், இப்போது கைபேசியில் ஆயிரம் பேருக்கு அனுப்பியும் விடுகிறோம். கீழே தேதி, ஊர், சம்பவம் எழுதுகிறோம். காயத்தின் பெயர் இருக்கிறது, ஆளின் பேச்சு இல்லை. வெறும் சுவர், நடுவில் ஓர் உடம்பு, காயத்தின்மேல் வெளிச்சம். இந்த உத்தியை மேலே எங்கே பார்த்தோம் என்று யோசியுங்கள். நோக்கம் வேறு என்பதால் கேமராவின் குணம் தானாக மாறிவிடாது.

பத்து வருஷம் கழித்து அந்த அம்மாவின் பேத்தி நூலகத்தில் பழைய இதழைப் புரட்டினால் யாரைப் பார்க்க வேண்டும்? பாதிக்கப்பட்ட உடம்பு ஒன்றையா, தன் பாட்டியையா?

அதனால் சாட்சிக்கு ஒரு படம், ஆளுக்கு ஒரு படம் என்று ரெண்டாய் எடுப்போம். சாட்சிப் படம் வழக்கறிஞரிடமும் ஆணையத்திடமும் போகட்டும். இன்னொரு படத்தை அவங்க சொல்கிற இடத்தில், அவங்க நிற்கிற மாதிரி நிற்கவிட்டு எடுப்போம். காயத்தைக் காட்டணும் என்றால் அவங்க காட்டட்டும், மூடணும் என்றால் மூடட்டும். எடுத்த படத்தை அங்கேயே காட்டி, இது போகலாமா என்று கேட்போம். வேண்டாம் என்றால் அழிப்போம். முடிந்தால் கேமராவை அந்தத் தெருப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் நிற்போம். இதுக்கெல்லாம் நேரம் ஆகும், அவசரத்தில் முடியாது என்று சொல்கிற தோழர்கள் இருக்கிறார்கள். போஸ்டர் ஒருநாள் தாமதமாய் ஒட்டினால் ஒன்றும் குடிமுழுகாது.

அடுத்த இதழுக்குப் படம் அனுப்புகிறவர்கள், படத்தோடு அதில் இருக்கிறவர் தன்னைப் பற்றிச் சொன்ன நாலு வரியையும், போடலாம் என்று அவர் சொன்ன சம்மதத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.